பாலில்லாத காபி

குவோப்பியோ நகர மருத்துவமனை, மூன்றாம் மாடி.
காத்திருக்கும் அறையில்
எல்லோருக்கும் இருபது வயது.
மூக்கில் வளையமிட்ட பையன் எழுந்து இடம் தருகிறான்:
"மூட்டுவலிப் பிரிவு கீழே இருக்கிறது, அம்மா."
தெரியும், போன மாதம் போயிருந்தேன்,
இன்றைக்கு வேறு வேலை என்றேன்.
அவனுக்குக் காது சிவந்தது.

படிவம் கேட்கிறது:
கடந்த பன்னிரண்டு மாதங்களில் எத்தனை பேர்?
நாற்பத்தொரு வருடம் ஒருவர்.
அவரைப் புதைத்த பிறகு
ஆறு வருடம் யாருமில்லை.
இந்த மே மாதத்திலிருந்து எஸ்கோ.
அத்தனைக்கும் அந்தக் கட்டத்தில் இடமில்லை.
1 என்று எழுதினேன்.
மெலிந்த எண்தான்,
ஆனாலும் நிமிர்ந்து நின்றது.

ஏரிக்கரை நடனக் கொட்டகையில்
பெண்கள் அழைக்கும் சுற்றில் தொடங்கியது.
நானேதான் போய்க் கை நீட்டினேன்.
முப்பது வருடம் டயர் மாற்றிய கை
என் முதுகில் வந்து தங்கியபோது
கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.
வெட்கம் என்று சொல்லமாட்டேன்,
சோம்பல்.
அடுத்த சனிக்கிழமை
வாசலில் அவன் ஷூவைக் கழற்றும்போது கேட்டேன்:
உறை இருக்கிறதா?
சிரித்தான். "இந்த வயதில்
தொட்டிலா வாங்கப் போகிறோம்?"
தொட்டிலைப் பற்றி யார் பேசினார்கள்?
அன்றிரவு ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டு போனான்.
திங்கள் காலை அவனே அழைத்தான்:
"எந்த மாடி?"

தாதிப் பெண்ணின் பெயர் தூலி.
நீண்ட பஞ்சுக் குச்சியைக் கையில் கொடுத்து
நீங்களே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.
கைக்கு ஒரு ஊசி, இரண்டு குழாய் ரத்தம்.
நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில்
பல்லில் சொத்தை என்று சொல்லும் குரலில் சொன்னாள்:
"ரத்தத்தில் ஒன்றுமில்லை, ரைலி.
கிளமிடியா இருக்கிறது. அவருக்கும்."
எனக்கு எங்கும் வலிக்கவே இல்லையே?
"வலிக்காமல் இருப்பதுதான் அதன் சாமர்த்தியம்."

ஏழு நாள் மாத்திரை, இருவருக்கும்.
மாத்திரையோடு பால் ஆகாது.
வெயிலில் நிற்கக் கூடாது.
ஜூன் மாதத்தில் இந்த ஊரில்
வெயிலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?
இரவு பதினொன்றுக்கும்
அது சமையலறை மேசைமேல் கிடக்கிறது.
திரையை இழுத்துவிட்டு
ஆளுக்கொரு மூலையில்
கறுப்புக் காபி குடித்தோம்.
கோபம் வந்தது.
முதல் நாள் வந்தது, இரண்டாம் நாளும் வந்தது.
மூன்றாம் நாள் கோபத்தோடே
அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொடுத்தேன்.

இனி அவன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது.
யோயென்சுவில் ஹில்க்கா.
போன குளிர்காலம், நான்கு மாதம்,
சண்டையில் முடிந்த கதை.
மருத்துவமனையே சொல்லிவிடுமாம், பெயர் சொல்லாமல்.
"வேண்டாம். நானே சொல்கிறேன்" என்றான்.
எண்களை அழுத்தினான், அணைத்தான்.
அழுத்தினான்.
எழுந்து வெளியே போகப் பார்த்தேன்,
என் கைத்தோலைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான்.

ஒரே மூச்சில் சொன்னான்,
டயரில் ஆணி என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல.
அந்தப் பக்கம் மௌனம்.
குளிர்பெட்டி உறுமி நின்றது.
பிறகு அவள் குரல், எனக்கும் கேட்டது:
"யாரிடமிருந்து யாருக்கு?"
"தெரியாது, ஹில்க்கா.
என்னிடமிருந்து உனக்கு என்றே வைத்துக்கொள்."
இன்னும் கொஞ்சம் மௌனம்.
"திட்டுவதற்கு நாளைக்கு அழைக்கிறேன்.
இப்போது சொல், அங்கே போனால்
முதலில் என்ன கேட்பார்கள்?"

எட்டாம் நாள் காலை
பால் வாங்கிக்கொண்டு வந்தான்.
இழுப்பறையைத் திறந்து காட்டினேன்:
பிரிக்காத பெட்டி, பன்னிரண்டு உறைகள்.
ஆறு வாரத்தில் ரத்தம்
இன்னொரு முறை கொடுக்க வேண்டும் என்றேன்.
நாள்காட்டியை எடுத்து,
கண்ணாடி தேடி,
வட்டம் போட்டான்.

மதியம் யோயென்சுவிலிருந்து ஒரு வரி:
"போய் வந்தேன்.
ஒரு பையன் எனக்கு
மூட்டுவலிப் பிரிவைக் காட்டினான்."